கிட்டில் பெயரும் மின்னஞ்சலும் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டைப் பழகத் தொடங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: பெயரை எங்கே கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது, தவறாகக் கொடுத்துவிட்டால் எப்படித் திருத்துவது. ஒரே சந்தேகம் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். சூழல் மாறிகளின் (நிரல்கள் படித்துக்கொள்ளும் ஷெல் அமைப்புகளின்) பெயர்களையும், பெரிய எழுத்து என்று நான் குறிப்பிடுபவற்றையும் மட்டும் பெரிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கிட் எதற்காக என் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்கிறது? அவை எங்கே போகின்றன?

நீங்கள் செய்யும் ஒவ்வொரு கமிட்டுக்குள்ளும் (மாற்றங்களின் ஒவ்வொரு பதிவுக்குள்ளும்) போகின்றன. `கிட் கேட்-ஃபைல் -பி ஹெட்` என்று கொடுத்தால் கடைசி கமிட்டின் உள்ளடக்கம் அப்படியே திரையில் வரும் (ஹெட் என்பதைப் பெரிய எழுத்துகளில் தட்டுங்கள்). கோப்புகளின் நிலையைக் காட்டும் ட்ரீ வரி, முந்தைய கமிட்டைக் காட்டும் பேரண்ட் வரி, அவற்றுக்குக் கீழே இப்படி ஒன்று:

`ஆத்தர் உங்கள் பெயர் <உங்கள் முகவரி> 1718000000 +0000`

அந்த நீண்ட எண், 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட விநாடிகள். அடுத்தது நேர மண்டலம். இதே அமைப்பில் கமிட்டர் என்று இன்னொரு வரியும் இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காகக் கிட்டை உருவாக்கியபோது, திருத்தங்கள் மின்னஞ்சலில்தான் கைமாறிக்கொண்டிருந்தன. எந்த வரியை யார் எழுதினார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்பதைக் கமிட்டே சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் அதன் பயன் அதுதான்.

சரி, என்ன கட்டளை கொடுக்க வேண்டும்?

இரண்டே கட்டளைகள்:

`கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் முழுப்பெயர்"`

`கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.இமெயில் உங்கள்-முகவரி`

ஒரு கணினியில் ஒருமுறை கொடுத்தால் போதும். 2024 ஜூலையில் வந்த 2.46 பதிப்பிலிருந்து கான்ஃபிக் என்பதற்குப் பின்னால் செட், கெட், லிஸ்ட் என்ற துணைக்கட்டளைகளும் உண்டு. பழைய வடிவமும் செல்லும், ஆகவே புதிய வடிவத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதுதானே லாகின்? கடவுச்சொல் எங்கே கொடுப்பது?

இது லாகின் இல்லை. இந்தக் குழப்பம் ஒன்று தீர்ந்தால் மற்ற சந்தேகங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். யூசர்.நேமும் யூசர்.இமெயிலும் கமிட்டின் மேல் நீங்களே எழுதும் குறிப்பு. அஞ்சல் உறையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அதைப் போன்றது: எழுதுவதை யாரும் சரிபார்ப்பதில்லை. சப்வெர்ஷன் என்ற இதேபோன்ற பழைய கருவியில் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே கமிட் நேரடியாகச் சர்வருக்குப் போவதால், எந்தப் பயனராக நுழைந்தீர்களோ அந்தப் பெயரைச் சர்வரே பதிந்துகொள்ளும். கிட்டில் கமிட் உங்கள் கணினியிலேயே, இணைய இணைப்புகூட இல்லாமல் நடக்கிறது. பெயர் சொல்ல உங்களைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

அனுமதி என்ற பேச்சு புஷ் செய்யும்போதுதான், அதாவது கமிட்டுகளைச் சர்வருக்கு அனுப்பும்போதுதான் வருகிறது. அதற்கு உங்களை அடையாளம் காட்டும் எஸ்.எஸ்.எச். சாவி அல்லது அணுகல் டோக்கன் வேண்டும். கமிட்டுகளை இணையத்தில் வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. ஆகவே புஷ் மறுக்கப்பட்டால் யூசர்.நேமை மாற்றிமாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. சாவியையும் டோக்கனையும் பாருங்கள். அதேபோல் யூசர்.நேமில் கிட்ஹப் கணக்கின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அது மனிதர்கள் படிப்பதற்கான பெயர்.

எந்த மின்னஞ்சலைக் கொடுப்பது? அதற்கு ஏதாவது கடிதம் வருமா?

கிட் யாருக்கும் எதையும் தானாக அனுப்பாது. ஆனால் கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்கள் ஒரு கமிட் யாருடையது என்பதை இந்த முகவரியை வைத்தே கண்டுபிடிக்கின்றன. கமிட்டில் உள்ள முகவரி உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தால் உங்கள் படமும் இணைப்பும் வரும், இல்லையென்றால் வெறும் பெயர் மட்டும் நிற்கும். பல ஆண்டுகள் கழித்தும் உங்களிடம் இருக்கப்போகிற முகவரியாகப் பார்த்துக் கொடுங்கள் என்பதே என் அறிவுரை.

என் மின்னஞ்சல் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமா?

ரெப்போ (ஒரு வேலையின் கோப்புகளும் கமிட்டுகளும் சேர்ந்த தொகுப்பு) பொதுவில் இருந்தால், ஆம். அதை நகலெடுக்கும் எவரும் ஒரே கட்டளையில் எல்லா முகவரிகளையும் பட்டியலிட்டுவிடலாம். அதற்காகவே கிட்ஹப்பும் கிட்லேப்பும் பதில் அனுப்ப முடியாத மாற்று முகவரி ஒன்றைத் தருகின்றன. கணக்கின் மின்னஞ்சல் அமைப்புப் பக்கத்தில் அதை எடுத்து யூசர்.இமெயிலில் வைத்துக்கொண்டால், கமிட் உங்கள் கணக்கோடு சேரும், உண்மையான முகவரி வெளியே வராது. சொந்த முகவரியோடு வரும் புஷ்களைத் தடுத்து நிறுத்தும் வசதியும் கிட்ஹப்பில் உண்டு. அதையும் இயக்கிவைப்பது நல்லது. ஆனால் இவை இனிமேல் செய்யும் கமிட்டுகளுக்குத்தான். ஏற்கெனவே போனவை போனவையே.

பெயரைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். கிட் யூ.டி.எஃப்-8 குறியேற்றத்தை இயல்பாகவே ஏற்கிறது. பழைய டெர்மினல் ஒன்றில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அந்தத் திரையின் எழுத்துருச் சிக்கல், கமிட்டில் பெயர் சரியாகவே இருக்கும். கோண அடைப்புக்குறிகள் மட்டும் பெயரில் நிற்காது, ஏனென்றால் முகவரியைப் பிரித்துக்காட்ட கிட் அவற்றைத்தான் பயன்படுத்துகிறது. பெயரின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் காற்புள்ளி, மேற்கோள்குறி போன்றவற்றையும் அது வெட்டிவிடும். முதலெழுத்தையும் புள்ளியையும் பெயரின் கடைசியில் போடுபவர்களுக்குப் பழைய பதிப்புகளில் அந்தப் புள்ளி காணாமல் போகும். புதிய பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது.

முழுப்பெயர் கொடுத்தேன். ஆனால் கமிட்டில் முதல் பாதி மட்டும் வருகிறதே?

மேற்கோள்குறி விட்டுப்போயிருக்கிறது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிட் இந்த இடத்தில் தவறு என்று சொல்லாது. கயல் விழி என்ற பெயரை மேற்கோள்குறி இல்லாமல் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கிட்டுக்குப் போவது இரண்டு தனிச் சொற்கள். முதல் சொல்லை அது மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதை, 'ஏற்கெனவே உள்ள மதிப்புகளில் எதை மாற்ற வேண்டும்' என்பதற்கான தேடல் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் பெயர் 'கயல்' என்று பதிகிறது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

ஏதோ பதியவில்லை என்று நினைத்து அதே கட்டளையை மறுபடி கொடுத்தால், 'விழி' என்ற வடிவத்தோடு பொருந்தும் பழைய மதிப்பு கிடைக்காததால் இன்னொரு 'கயல்' வரி புதிதாகச் சேரும். பிறகு விழித்துக்கொண்டு மேற்கோள்குறியோடு சரியாகக் கொடுத்தால், பல மதிப்புகள் இருக்கின்றன, ஒரே மதிப்பால் மேலெழுத முடியாது என்று மறுத்துவிடும். சரியான கட்டளைக்குத் திட்டு வாங்குவதால்தான் பலர் இந்த இடத்தில் நம்பிக்கை இழக்கிறார்கள். `கிட் கான்ஃபிக் --குளோபல் --ரீப்ளேஸ்-ஆல் யூசர்.நேம் "கயல் விழி"` என்று கொடுங்கள். எல்லா வரிகளும் நீங்கி ஒன்று மட்டும் நிற்கும்.

இணையப் பக்கத்திலிருந்தோ ஆவணத்திலிருந்தோ கட்டளையை நகலெடுத்து ஒட்டினீர்களா? வளைந்த மேற்கோள்குறியை டெர்மினல் மேற்கோள்குறியாகக் கருதாது, வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். கையால் தட்டுங்கள்.

நான் கொடுத்தது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மதிப்பு இல்லாமல் `கிட் கான்ஃபிக் யூசர்.இமெயில்` என்று மட்டும் கொடுத்தால் இப்போது செல்லுபடியாகும் மதிப்பு தெரியும். அது எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்பதையும் அறிய `கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்`. இரண்டையும்விட நான் நம்புவது `கிட் வார்` கட்டளையை: அதோடு கிட்_ஆத்தர்_ஐடென்ட் என்பதைப் பெரிய எழுத்துகளில் கொடுத்தால், இந்த நிமிடம் கமிட் செய்தால் ஆத்தர் வரி எப்படி இருக்கும் என்பதை அப்படியே காட்டிவிடும்.

குளோபல் என்று சொல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும்?

அந்த ரெப்போவுக்கு மட்டும் பதியும். கிட் மூன்று இடங்களில் தேடுகிறது: கணினி முழுவதற்குமான சிஸ்டம் கோப்பு, உங்கள் ஹோம் கோப்புறையில் உள்ள .கிட்கான்ஃபிக் என்ற குளோபல் கோப்பு, ரெப்போவுக்குள் .கிட் கோப்புறையில் இருக்கும் கான்ஃபிக் என்ற லோக்கல் கோப்பு. கடைசியாகப் படித்ததே செல்லும் என்பதால் லோக்கல் குளோபலை மீறும், குளோபல் சிஸ்டத்தை மீறும். 'குளோபலில் மாற்றிவிட்டேன், இந்த ஒரு ரெப்போவில் மட்டும் பழைய பெயரே வருகிறது' என்று யாராவது சொன்னால், அங்கே என்றோ கொடுத்த லோக்கல் மதிப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்த ரெப்போவில் நின்று `கிட் கான்ஃபிக் --அன்செட் யூசர்.நேம்` கொடுத்தால் போய்விடும்.

அலுவலக வேலைக்கு ஒரு முகவரி, சொந்த வேலைக்கு வேறொன்று. ஒவ்வொரு ரெப்போவிலும் தனித்தனியாக அமைக்க வேண்டுமா?

வேண்டாம். 2017-இல் வந்த 2.13 பதிப்பு முதல் இதற்கு வழி இருக்கிறது. அலுவலக ரெப்போக்களை எல்லாம் ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொண்டு, குளோபல் கோப்பின் கடைசியில் இரண்டு வரிகள் சேருங்கள்:

`[இன்க்ளூட்இஃப் "கிட்டிர்:~/அலுவலகம்/"]`

`பாத் = ~/.கிட்கான்ஃபிக்-அலுவலகம்`

அந்தத் தனிக்கோப்பில் அலுவலக முகவரியை மட்டும் எழுதிவைத்தால் போதும். கோப்புறைப் பெயருக்குப் பின்னால் உள்ள சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் அதற்குள் இருக்கும் எல்லா ரெப்போக்களும் என்று பொருள்படும். இந்த வரிகள் யூசர் பகுதிக்குக் கீழே வர வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன 'கடைசியாகப் படித்ததே செல்லும்' என்ற விதி ஒரே கோப்புக்குள்ளும் பொருந்தும். சோதித்துப் பார்ப்பதும் ஒரு ரெப்போவுக்குள் நின்றுதான். வெறும் கோப்புறையில் நின்று பார்த்தால் பழைய முகவரிதான் தெரியும். கோப்புறைகளைப் பிரித்து வைக்க விரும்பாதவர்கள், ரிமோட்டின் (புஷ் செய்யும் சர்வர் நகலின்) முகவரியை வைத்துத் தேர்வு செய்யும் நிபந்தனையைப் பயன்படுத்தலாம். அது 2022-இல் 2.36 பதிப்பில் வந்தது.

நான் எதையுமே அமைக்கவில்லை. ஆனாலும் கமிட் ஆகிவிட்டதே?

கணினிக் கணக்கின் பெயரையும் கணினியின் பெயரையும் ஒட்டி ஒரு முகவரியைக் கிட்டே ஊகித்திருக்கும். கமிட் முடிந்தபின், பெயர் தானாக அமைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பும் காட்டியிருக்கும். பலர் அதைப் படிப்பதில்லை. ஊகிக்க முடியாதபோதுதான் 'நீங்கள் யாரென்று சொல்லுங்கள்' என்ற பொருளில் பிழை காட்டி நின்றுவிடும். நின்றுவிடுவதே நல்லது என்பேன். `கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி ட்ரூ` கொடுத்துவிட்டால் கிட் ஒருபோதும் ஊகிக்காது. இரண்டு முகவரி வைத்திருப்பவர்கள் குளோபலில் முகவரியே வைக்காமல் இதை மட்டும் இயக்கிக்கொள்ளலாம்: எந்த முகவரி என்று தீர்மானிக்காமல் ஒரு கமிட்டும் போகாது.

அமைத்துத்தான் வைத்திருக்கிறேன். சில நேரம் மட்டும் வேறு பெயரில் வருகிறதே?

குளோபல் கோப்பு ஹோம் கோப்புறையில் இருக்கிறது என்றேன். ஹோம் மாறினால் கோப்பும் மாறும். சுடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு கிட்டை இயக்கினால் ரூட் பயனரின் ஹோமில் தேடக்கூடும் (அப்படி இயக்கவே வேண்டாம், கோப்புகளின் உரிமையும் ரூட்டுக்குப் போய்ச் சிக்கலாகும்). விண்டோசில் உள்ள கிட்டும் அதற்குள் ஓடும் லினக்சில் உள்ள கிட்டும் தனித்தனி ஹோம் உடையவை, இரண்டிலும் அமைக்க வேண்டும். கன்டெய்னர்களுக்கும் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழல்களுக்கும்) அப்படியே.

இன்னொரு காரணம் சூழல் மாறிகள். கிட்_ஆத்தர்_நேம், கிட்_ஆத்தர்_இமெயில் என்பவையும் கமிட்டருக்குரிய அவற்றின் இணைகளும் எங்காவது அமைக்கப்பட்டிருந்தால், எல்லாக் கோப்புகளையும் மீறி அவையே செல்லும். ஷெல்லின் தொடக்கக் கோப்பைத் தேடிப் பாருங்கள்.

கடைசி கமிட் தவறான பெயரில் போய்விட்டது. மாற்ற முடியுமா?

இன்னும் புஷ் செய்யவில்லை என்றால் எளிது. முதலில் பெயரையும் முகவரியையும் சரியாக அமைத்துவிட்டு, `கிட் கமிட் --அமெண்ட் --ரீசெட்-ஆத்தர் --நோ-எடிட்` கொடுங்கள். ரீசெட்-ஆத்தர் என்பதை விட்டுவிட்டால் கமிட்டர் மட்டும் மாறி ஆத்தர் பழையபடியே நிற்கும்.

ஒன்றல்ல, கடந்த சில வாரங்களின் கமிட்டுகள் எல்லாமே தவறு. புஷ்ஷும் செய்துவிட்டேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு கமிட்டின் அடையாள எண் அதன் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் கணக்கிடப்படுகிறது, ஆத்தர் வரி உட்பட. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் மாறும். அந்த எண்ணைத் தன் பேரண்ட் வரியில் வைத்திருக்கும் அடுத்த கமிட்டும் மாறும், அப்படியே கடைசிவரை. ஆகவே பழையதைத் திருத்துவது என்பது அதற்குப் பிந்தைய வரலாறு முழுவதையும் புதிதாக எழுதுவதாகும். உங்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவரின் நகலும் அதோடு முரண்படும்.

ரெப்போ உங்களுடையது மட்டும் என்றால் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற தனிக்கருவியை நிறுவி, பழைய முகவரியையும் புதிய முகவரியையும் ஒரு கோப்பில் கொடுத்து மாற்றலாம். கிட்டோடு வரும் ஃபில்டர்-பிராஞ்ச் என்ற கட்டளையைக் கிட்டின் ஆவணமே இப்போது பரிந்துரைப்பதில்லை. ரீபேஸ் (கமிட்டுகளை மறுபடி வரிசையாகப் பதிதல்) வழியாக ஒவ்வொரு கமிட்டிலும் ரீசெட்-ஆத்தர் ஓட்டும் வழி ஒன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் கவனம் தேவை: இடையில் மற்றவர்கள் செய்த கமிட்டுகள் இருந்தால் அவையும் உங்கள் பெயருக்கு மாறிவிடும், நேரங்களும் இன்றைய நேரமாகிவிடும். பிறர் உழைப்பின் மேல் நம் பெயர் ஏறுவது சிறிய தவறு அல்ல.

பலர் சேர்ந்து வேலை செய்யும் ரெப்போவா? வரலாற்றைத் தொடாதீர்கள். ரெப்போவின் மேல்மட்டத்தில் .மெயில்மேப் என்ற கோப்பை உருவாக்கி, `சரியான பெயர் <சரியான முகவரி> <பழைய முகவரி>` என்று ஒரு வரி எழுதுங்கள். கமிட்டுகள் அப்படியே இருக்கும். கிட்டின் லாக், ஷார்ட்லாக், பிளேம் ஆகிய கட்டளைகள் திருத்திய பெயரைக் காட்டும். பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதுதான் வழி. பழைய முகவரி தளங்களில் உங்கள் கணக்கோடு சேரவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால், இதுகூட வேண்டாம். அந்த முகவரி உங்களுடையதாக இருந்தால் கணக்கில் சேர்த்து உறுதிசெய்யுங்கள், பழைய கமிட்டுகளும் வந்து சேரும்.

ஆத்தர் நான், கமிட்டர் வேறு ஒருவர் என்று காட்டுகிறதே, ஏன்?

எழுதியவர் ஆத்தர், அதை அந்த இடத்தில் பதிந்தவர் கமிட்டர். நீங்கள் அனுப்பிய திருத்தத்தை இன்னொருவர் தம் கிளையில் சேர்த்தாலோ, ரீபேஸ் அல்லது செர்ரி-பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறிடத்தில் பதிதல்) செய்தாலோ, ஆத்தராக நீங்களே இருப்பீர்கள், கமிட்டராக அவர் வருவார். கிட்ஹப்பின் இணையப் பக்கத்திலேயே இணைப்பு நடந்தால் கமிட்டர் இடத்தில் கிட்ஹப் என்றே இருக்கும். இரண்டையும் ஒருசேரப் பார்க்க `கிட் லாக் --ஃபார்மட்=ஃபுல்லர்`. பிறர் எழுதியதை நீங்கள் பதியும்போது `--ஆத்தர்` என்ற தேர்வில் அவர் பெயரையும் முகவரியையும் கொடுங்கள்; அது அவருக்குச் சேர வேண்டிய பெயர். இருவர் சேர்ந்து எழுதினால் கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆத்தர்ட்-பை என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். கிட்டுக்கு அது வெறும் எழுத்து, தளங்கள் அதைப் படித்து இருவரையும் காட்டும்.

அப்படியானால் என் பெயரில் வேறு யாரும் கமிட் செய்ய முடியுமா?

முடியும். அனுப்புநர் முகவரியை யாரும் சரிபார்ப்பதில்லை என்று முன்பு சொன்னதன் மறுபக்கம் இது. உங்கள் முகவரியைத் தம் கணினியில் அமைத்துக்கொண்டு ஒருவர் கமிட் செய்து, தமக்கு அனுமதியுள்ள ரெப்போவில் புஷ் செய்தால், தளத்தில் உங்கள் படத்தோடு அது தெரியும்.

இதற்கு மருந்து கையொப்பம். முன்பு ஜி.பி.ஜி. என்ற குறியாக்கக் கருவியின் சாவி வேண்டும் என்பதால் பலர் தயங்கினார்கள். 2021 நவம்பரில் வந்த 2.34 பதிப்பிலிருந்து, புஷ்ஷுக்குப் பயன்படுத்தும் எஸ்.எஸ்.எச். சாவியைக் கொண்டே கையொப்பமிடலாம். ஜிபிஜி.ஃபார்மட் என்பதற்கு எஸ்எஸ்எச், யூசர்.சைனிங்கீ என்பதற்குப் பொதுச்சாவிக் கோப்பின் பாதை, கமிட்.ஜிபிஜிசைன் என்பதற்கு ட்ரூ என மூன்று அமைப்புகள். பொதுச்சாவியைத் தளத்தில் கையொப்பச் சாவியாகவும் தனியே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சரிபார்க்கப்பட்டது என்ற குறி வராது. கமிட் -எஸ் என்று சிறிய எழுத்தில் கொடுத்தால் வருவது இந்தக் கையொப்பம் அல்ல. அது லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் வழங்கும் 'இதைத் தரும் உரிமை எனக்கு உண்டு' என்ற உறுதிமொழி வரி. சாவிக்கான தேர்வு பெரிய எழுத்து -எஸ்.

வேலையை விட்டுப் போகிறேன். அலுவலக முகவரியில் செய்த கமிட்டுகள் என்ன ஆகும்?

கமிட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. பெயரும் முகவரியும் அவற்றுக்குள் அப்படியே இருக்கும். தளத்தில் உங்கள் கணக்கோடு உள்ள தொடர்பு, அந்த முகவரி கணக்கில் இருக்கும்வரைதான். அஞ்சல்பெட்டி மூடப்பட்டபின் அதைப் புதிதாகச் சேர்க்க முடியாது, ஏனென்றால் உறுதிசெய்யும் கடிதம் அங்கேதான் போகும். ஆகவே சேர்க்க வேண்டும் என்றால், நிறுவனம் அனுமதித்தால், கிளம்புவதற்கு முன்பே சேருங்கள். போகும் முன் குழுவின் .மெயில்மேப் கோப்பில் உங்கள் நிரந்தர முகவரியோடு ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு உங்கள் நிரலைத் திறந்து சந்தேகப்படுபவர் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியிருக்காது.